விக்டோரியா ராணிக்கு நான் அடித்த மொட்டை

கையில் தொழில் இருக்கிறவனை நம்பி எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. அவன் சும்மா இருக்கமாட்டான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, காலடிப்பேட்டையில் சொந்தமாகப் பாலிஷ் பட்டறை வைத்து, கப்பல் மணியையே கண்ணாடியாக்கிய நானே சொல்கிறேன். (வடசென்னையில் என் பாலிஷுக்கு ஈடு கிடையாது. சந்தேகமென்றால் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

என் மகனுக்கு ராயபுரத்தில் பெண் பேசி முடித்திருந்தோம். சம்பந்தி அருளப்பன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய நாணயம் சேர்ப்பவர். மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் முதலாவதை மாதா கோயிலில் வாசித்த அன்று, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியான வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்திருந்தார். பருத்திக் கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து, லென்ஸ் வைத்துக் காட்டினார்.

"பாருங்க சம்மந்தி, விக்டோரியா ராணி தலையில ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது. அதாங்க தரம்."

எனக்கு முடி தெரியவில்லை. கறுப்புதான் தெரிந்தது. பாவம், படித்த மனுஷன், தேய்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "ஒரு நாள் வெச்சிருந்து தர்றேனே" என்று கேட்டேன். சம்பந்தி கேட்டால் மறுப்பாரா? கொடுத்துவிட்டுப் போனார்.

"யோவ், அத்த நோண்டாத. குட்த்த மாதிரியே திருப்பிக் குட்த்துரு" என்றாள் என் மனைவி ரெஜினா.

"போம்மே. நம்ம கைவேலை இன்னான்னு அந்தாளும் பாக்கட்டும்."

மறுநாள் சக்கரத்தை ஓடவிட்டு, அதில் சிவப்பு மெருகு சோப்புத் தடவி, ரூபாயை இரண்டு பக்கமும் நானே பிடித்துத் தேய்த்தேன். கண் கூசியது. நகை டப்பாவில் வைத்து ராயபுரம் போனேன்.

டப்பாவைத் திறந்த அருளப்பன், "இது யாருதுங்க?" என்றார்.

"உங்களுதுதான்! அடையாளமே தெரியல, இல்ல?" என்று தொடையைத் தட்டினேன்.

லென்ஸை வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராணி முடி எங்கங்க?"

"அழுக்கோட போயிருக்கும் சம்மந்தி."

"அழுக்கா? அத்தினி வருசமா காத்து பட்டுப் பட்டு வெள்ளி மேல தானா ஏறின நிறங்க அது. அதுக்குத்தான் மதிப்பே! நிறத்தையும் சொரண்டி, முடியையும் வழிச்சுட்டீங்களே!" டப்பாவை மூடினார். பிறகு, "குடுத்த பொருளக் குடுத்தபடி வெச்சுக்கத் தெரியாத வூட்டுக்குப் பொண்ண எப்படிங்க அனுப்புவேன்? ரெண்டாவது ஓலைய நிறுத்தச் சொல்றேன்" என்றார்.

வீட்டில் என் மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். ரெஜினா, "மொட்டை அடிச்சியே, சந்தனம் தடவினியா?" என்றாள்.

நான் தோற்றுப் பழகாதவன். பட்டறையைப் பூட்டினேன். அதே ராணி, அதே கறுப்பு, அதே முடி கிடைக்காமல் ஓயமாட்டேன் என்று நாணயக் கடைகளில் ஏறி இறங்கினேன். பளபளவென்று ஒன்றை நீட்டிய வியாபாரியிடம், "இன்னா நைனா, பாலிஷ் போட்டு என்கிட்டயே தள்றியா? சக்கரம் ஓடின கோடு தெரியுது பார்!" என்று சீறினேன். (ஒரே வாரத்தில் நான் நிபுணன்.)

கடைசியில் சனிக்கிழமை, ஒரு கண்காட்சியில் கிடைத்தது. நல்ல கரிக்கட்டை நிறம், தலை நிறைய முடி. விரல் படக் கூடாதென்று பட்டறைத் தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு, உறையோடு ஏந்தியபடி பஸ் ஏறினேன்.

"இன்னா பெர்சு, பாம்பு பிடிக்கப் போறியா?" என்றார் கண்டக்டர்.

அருளப்பன் வெகுநேரம் பார்த்தார். "என்னுதுக்கு ஒரு படி கம்மிதாங்க."

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தொடச்சீங்களா?"

"மூச்சுக்கூட வுடலீங்க!"

மனுஷன் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலையை வாசித்தார்கள்.

இந்த வருஷம் பேத்தி பிறந்தாள். என்னைப் போலவே நல்ல கறுப்பு. ஆஸ்பத்திரியில் ஆசையாகக் கையை நீட்டினேன். அருளப்பன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, வார்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "சம்மந்தி, தள்ளி நின்னு பாருங்க! புள்ள பொறந்த நிறத்துலயே இருக்கட்டும்!"

இன்றுவரை அவளைக் குளிப்பாட்ட மட்டும் என்னை விடுவதில்லை.