சௌசௌப் பந்தல்

வாசலில் திடீரென்று பந்தல் முளைத்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான். வாழைமரம் கட்டியிருந்தால் கல்யாணம், கட்டாவிட்டால் சாவு. சௌசௌக் கொடிக்காகவும் ஒரு பைத்தியக்காரன் வாசலில் பந்தல் போடுவான் என்று அல்சூரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பைத்தியக்காரன் நான்தான்.

1950களின் கடைசி, ஐப்பசி மாதம். முன்பக்கத் தோட்டத்தில் காய்ப் பாரம் தாங்காமல் கொடி தரையில் சரிந்துவிட்டது. ஒரு ஞாயிறு காலை, மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த தைரியத்தில், சவுக்குக் கம்புகளை நட்டேன். அத்திபெலேயிலிருந்து வந்திருந்த மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். (அவருக்குக் காது மந்தம், நாக்கு அப்படியல்ல.) குழி போதாது என்றார், கம்பு சாய்கிறது என்றார். அவர் தலையில் பனி இறங்காமலிருக்க மேலே தென்னங்கீற்றும் போட்டேன். அப்போதும் நிறுத்தவில்லை. "நீங்க கொஞ்ச நேரம் பேசாம படுங்க மாமா" என்று கத்திவிட்டு, கொடி படரக் குறுக்கே கட்ட மூங்கிலும் கயிறும் வாங்க சைக்கிளில் கிளம்பினேன்.

திரும்பும்போது பனிமூட்டம் இன்னும் கனத்திருந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை. எப்போதும் அலறும் எதிர்வீட்டு ரேடியோகூட வாயடைத்திருந்தது. பனிக்குள் ஆங்காங்கே ஆட்கள் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். எதிர்வீட்டு டெய்லர் முனுசாமி வந்து, சைக்கிளிலிருந்து பச்சை மூங்கிலை இறக்கினார்.

"இத்த நீங்களே போயி வாங்கியாரணுமா சார்? நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?"

சௌசௌவுக்கு இவ்வளவு ஆதரவா என்று நெகிழ்ந்து போனேன். அப்போதுதான் ஊதுபத்தி வாசனை வந்தது.

பந்தலுக்கடியில், பெஞ்சின் மேல் நீளமாக ஓர் உருவம். தலை முதல் கால் வரை வெள்ளை வேட்டி. அதன் மேல் சாமந்தி மாலை. தலைமாட்டில் யாரோ ஏற்றிய விளக்கு, அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"தகிரியமா இருங்க சார்" என்று முனுசாமி தோளைப் பிடித்தார். "பெரியவரு கஷ்டப்படல. தூங்கறாப்பலதான் இருக்காரு."

அந்த மனிதரிடம் நான் கடைசியாகச் சொன்னது 'பேசாம படுங்க'. படுத்துவிட்டார். மனைவியின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? கயிற்றுச் சுருளோடு அவர் காலில் விழுந்து, "பேசுங்க மாமா, கம்பு சாஞ்சுதான் இருக்கு" என்று ஓவென்று அழுதேன்.

வேட்டி மெல்ல அசைந்தது. கூட்டம் மொத்தமாகப் பின்வாங்கியது. பனிக்காகத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்த வேட்டியை விலக்கி, மாமனார் மாலையோடு எழுந்து உட்கார்ந்தார். விளக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"கயிறு கெடச்சுதா மாப்ள?"

முனுசாமி அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

அந்த வருஷம் சௌசௌ காய்த்துத் தள்ளியது. அந்தப் பந்தலில் விளைந்த காயை அக்கம்பக்கத்தில் ஒருவரும் கையால் தொடவில்லை. பொங்கல் வரை எங்கள் வீட்டில் சௌசௌக் கூட்டுதான். இன்றும் எங்கள் வீட்டில் யார் கடைக்குப் போய் வந்தாலும் முதல் கேள்வி, கயிறு கிடைத்ததா என்பதுதான்.

பல வருஷங்கள் கழித்து மாமனார் நிஜமாகவே போனபோது, அதே வாசலில் பந்தல் போட்டார்கள். முனுசாமி யார் சொல்லையும் நம்பாமல், மூக்கருகே கை வைத்து வைத்துப் பார்த்தார். கயிறு வாங்கப் போனவன் நான்தான். வாங்கி வந்து மாமனார் பக்கத்தில் நின்றேன். நகர மனம் வரவில்லை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கெடச்சுதுன்னு சொல்லிடுங்க."

சொன்னேன்.