நாலு இடம், நாலு நாவல்

"ம், சொல்லு. முதல் நாவல் எப்படி?"

அக்கா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நான்கு நாவல்கள். ஒன்றையும் அவள் படித்ததில்லை. கேள்வி கேட்க அட்டையின் பின்பக்கம் போதும் என்பது அவள் கட்சி.

எதிரே நாற்காலியில் தம்பி, லிஃப்ட் இன்ஜினியர். மனைவி இறந்ததிலிருந்து அவன் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று அக்காவுக்குக் கவலை. போன மாதம் தன் கணவரின் அலமாரியிலிருந்து இந்த நான்கையும் அள்ளிக்கொண்டுவந்து போட்டு, கெடு வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"படிச்சிட்டு, என்ன தோணுச்சுன்னு நீயே சொல்லணும். இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் இங்கயே குடிவந்துடுவோம்."

அவனுக்குத் தனியாக இருக்க வேண்டும். அதற்காகவே படித்தான். ஆனால் சமையலறையில் ஒன்று, கட்டிலில் ஒன்று, சோபாவில் ஒன்று, வேலைப் பையில் ஒன்று என்று புத்தகங்கள் சிதறிக் கிடந்தன. போன இடத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிரித்துப் படித்தான். அவை நான்கு வேறு கதைகள் என்பது மாதக் கடைசியில்தான் உறைத்தது.

"ஒரு கேப்டன். கப்பல் முழுகிடுது. அப்புறம் அவர்மேல கொலைக் கேஸ்."

அக்கா அட்டையைத் திருப்பினாள். "இதுல கேஸே இல்லையேடா?"

"இன்ஷூரன்ஸ் கேஸ்."

"கொலைன்னு சொன்னே?"

"இன்ஷூரன்ஸ்காரரைக் கொன்னுட்டார்."

பால்கனிக் கதவோரம் நின்றிருந்த அத்தான் இருமினார். அக்கா இருக்கும் இடத்தில் அவர் பேசும் வேலையை வைத்துக்கொள்வதில்லை.

"சரி, இந்த வக்கீல் நாவல்?"

"ரெட்டைப் பிறவிச் சகோதரிகள்ல யாரைக் கட்டிக்கிறதுன்னு வக்கீலுக்குக் குழப்பம்."

"வக்கீலே பொம்பளைன்னு போட்டிருக்கு!"

"அதான் குழப்பமே."

"டாக்டர்?"

"பனியில மாட்டிக்கிறார். கடைசியில கப்பல் வந்து காப்பாத்துது."

"மலை உச்சிக்கா?"

அக்கா புத்தகங்களைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"என்னங்க, பெட்டி கார்லதானே இருக்கு? போய் எடுத்துட்டு வாங்க."

"இரு, இரு அக்கா." அவன் அவசரமாகச் சொன்னான். "கதைதான் குழம்பிடுச்சு. ஆனா அதுல வர்ற அந்தப் பொண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

"எந்தப் பொண்ணு?"

"டீ போட்டுப் பாதி குடிச்சிட்டு, மீதியை ஜன்னல்ல வச்சு மறந்துடுவா. மறுபடி புதுசா போடுவா. சாயங்காலத்துக்குள்ள ஜன்னலுக்கு ஒரு கப் நிக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம்?"

"எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பா. எல்லாரும் உயிரோட இருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பா. ஒருத்தர் செத்தாலும் மூடி வச்சிடுவா."

"புருஷன் திட்ட மாட்டானா?"

"திட்டுவான். அவ காதுலயே வாங்க மாட்டா. நம்ம பேசிட்டு இருக்கும்போதே தூங்கிடுவா. காலையில எழுந்து, நேத்து எங்க விட்டேன்னு கேட்பா."

காலியாகக் கிடந்த ஜன்னலைப் பார்த்தபடி அவன் பேசிக்கொண்டே போனான். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நேரம் அவன் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"போதும்டா. நீ பாஸ்!" எழுந்து அவன் தலையைக் கலைத்தாள். "அந்தப் பொண்ணைப் பாக்குற மாதிரியே இருக்கு. எழுதினவன் கெட்டிக்காரன். பெட்டி கார்லயே இருக்கட்டும், நாங்க கிளம்புறோம்."

செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டை அழைக்கப் போனாள். இன்ஜினியர் மூச்சு விட்டான்.

அத்தான் மட்டும் பின்தங்கி, நான்கு புத்தகங்களையும் பொறுக்கி அடுக்கினார். வாசலில் நின்று, அக்காவின் காதில் விழாதபடி சொன்னார்:

"நாலையும் நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன், மாப்ளே. அந்தப் பொண்ணு எதுலயும் வரலையே."