கோழிக்கு மாட்டிய சிவப்பு அட்டை

எங்கள் பிளாக்கில் பிரேக்டவுன் அண்ணாச்சி கழற்றிப் பார்க்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. மிக்சி, தையல் மெஷின், பிள்ளையார் கோயில் மைக் செட், ஒருமுறை எதிர்வீட்டு வாத்தியாரின் பல்செட். இங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் நின்றால் ஓடிப்போய்ச் சரிசெய்வது அவர் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். உண்மையான பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் கோழியைப் பழுது பார்ப்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

பக்கத்து குவார்ட்டர்ஸ் கஸ்தூரி கொல்லையில் மூன்று நாட்டுக்கோழிகள் வளர்த்தார். திடீரென்று மூன்றும் முட்டையிடுவதை நிறுத்தின. கணவர் முருகேசன், சுரங்கத்தில் ஆபரேட்டர், தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குள்ளஞ்சாவடியிலிருந்து மச்சான் வருகிறான், கறுப்புக்கோழிதான் குழம்பு. அந்தக் கறுப்பியைக் குஞ்சிலிருந்து உள்ளங்கையில் நொய் வைத்து வளர்த்தவர் கஸ்தூரி. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றார்.

அண்ணாச்சி ஹெல்மெட் அணிந்து வந்தார். கறுப்பியைத் தலைகீழாகப் பிடித்து, வாலுக்குக் கீழே இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரல் வைத்து அளந்தார். முட்டையிடும் கோழிக்கு மூன்று விரல் இடைவெளி இருக்குமாம். இதற்கு ஒரு விரல். கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் காப்பி டம்ளருடன் உறைந்து நின்றேன். அடுத்து, பேன் இருக்கிறதா, பாம்பு வந்து போகிறதா என்று பார்க்கக் கூண்டுக்குள் தலையையும் தோளையும் நுழைத்தார். முக்கால் மணி நேரம் வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே வந்தபோது கை நிறைய இறகு.

"இது பிரேக்டவுன் இல்லம்மா, ஷட்டவுன். பழைய இறகக் கழத்திட்டுப் புதுசு மாட்டுது. அது முடியுற வரைக்கும் முட்ட வராது. ரெண்டு மாசம் பொறுக்கணும்."

"அவரு ஞாயித்துக்கெயம வரைக்கும்தாங்க டைம் குடுத்துருக்காரு."

அண்ணாச்சி இறகுகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிறு காலை முருகேசன் கத்தியும் கையுமாகக் கறுப்பியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். கோழியின் காலில் காலண்டர் அட்டை ஒன்று, சிவப்பு பெயின்ட் அடித்துக் கட்டப்பட்டிருந்தது. 'ஆபத்து. பராமரிப்பு நடக்கிறது. கை வைக்காதே.' கீழே அண்ணாச்சியின் கையெழுத்து, தேதி.

சுரங்கத்தில் ரிப்பேரில் இருக்கும் மெஷினில் இப்படி அட்டை தொங்கும். தொங்கவிட்டவர்தான் கழற்ற வேண்டும். அதுவரை எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் சுவிட்சைத் தொட மாட்டார். உள்ளே ஒருவன் கை இருக்கலாம்.

"இன்னா மாமா நின்னுகினு? கயித்த அறுத்துட்டு வேலயப் பாரு," என்றான் மச்சான்.

"நீ சும்மா இருடா. டேக் போட்டவருதான் கயட்டணும்."

"கோயிக்குமா?"

முருகேசன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கத்தி இறங்கவில்லை. இருபது வருடப் பழக்கம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி வீட்டுக்கு ஆள் போனது; பூட்டியிருந்தது. முதல் ஷிஃப்ட். அவர் திரும்பி வருவதற்குள் மச்சான் கத்தரிக்காய் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அதன்பின் அண்ணாச்சி தினமும் வந்தார். தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், இடித்த கிளிஞ்சல் எல்லாம் கலந்தார். இரண்டு மாதம் கழித்துக் கறுப்பி ஒரு முட்டையிட்டது. அண்ணாச்சி அட்டையைக் கழற்ற மறுத்துவிட்டார். டிரையல் ரன் பார்க்க வேண்டுமாம். மூன்றாவது முட்டை வந்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்.

அந்த மூன்றாவது முட்டையை, இட்ட சூட்டோடு, கஸ்தூரி அவர் கையில் வைத்தார். "நீங்க சாப்புடுங்க அண்ணாச்சி."

"வேண்டாம்மா. நாம சைவம். முட்ட வாசனையே ஆகாது."

அவர் முட்டையை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு கைக்குள்ளும் பொத்தி, அது ஆறும்வரை வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார்.