மாடி அறையைக் காப்பாற்ற ஒரு டைரி

தினமும் டைரி எழுதுவது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் சுயமுன்னேற்றம் அல்ல. என் மாமியார்.

நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று கண்ணாடியை மாற்றி மாற்றிக் கேட்பது என் பிழைப்பு. ஒரு நாள் மனநல மருத்துவர் அம்மா ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் கண்ணைப் பார்க்க, அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஏன் இப்படி வாடிப்போயிருக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? கொட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி, மிஞ்சுகிற ஸ்க்ரூக்களை டப்பாவில் சேர்த்து வைப்பேன். இந்த வீட்டில் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை. அதனால் நான் ரேடியோ கேட்கிறேன். இப்போது அந்த அறையைக் காலி செய்யச் சொல்கிறாள் மனைவி. முழங்கால் ஆபரேஷன் முடிந்து தனியாக இருக்கும் அவள் அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டைரி எழுதுங்கள் என்றார். கோபம் தணியும், நல்ல தூக்கம் வரும், குழப்பம் தெளியும், மறந்துபோன நல்லதெல்லாம் நினைவுக்கு வரும் என்று அடுக்கினார். யாரும் படிக்காத இடத்தில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. யாரும் படிக்காத இடத்தில் வைத்தால் மனசுக்கு நல்லது. மனைவி படிக்கிற இடத்தில் வைத்தால் அறைக்கு நல்லது.

மாமியார் வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லக்கூடிய ஆண்மகன் எங்கள் தெருவிலேயே கிடையாது. ஆனால் டைரியில் எழுதியிருந்தால் அது அந்தரங்கம். அதை யார் சந்தேகப்படுவார்கள்? அன்றைக்கே ஒரு டைரி வாங்கி, வரிந்து கட்டிக்கொண்டு எழுதினேன்:

'அத்தை வருவதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். அவர் எனக்கு இன்னொரு தாய். ஆனால் அந்த மாடிப்படி எவ்வளவு செங்குத்து! அந்த அறைச் சுவரில் எவ்வளவு ஈரம்! அவருடைய முழங்காலை நினைத்தால் என் மணநிம்மதியே போய்விடுகிறது. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வேன்?'

எழுதி முடித்து, தலையணைக்கு அடியில் ஒளித்தேன். பாதி வெளியே தெரிகிற மாதிரி.

மறுநாள் திறந்து பார்த்தால், 'மணநிம்மதி'யில் ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் 'ன'. மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பிழையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மனசுக்கு ரெண்டு சுழி, மணத்துக்கு மூணு சுழி. அந்த அதிகப்படிச் சுழியில் அகப்பட்டவன்தானே நான், அதான் கை தானாகப் போட்டிருக்கிறது. எப்படியோ, அவள் படிக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொடர்ந்து எழுதினேன். புகழ்வதற்குச் சரக்கு தீர்ந்ததும் பழைய நினைவுகளைக் கிளறினேன். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் எனக்கு வேலை போய், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாடவில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும் மாப்பிள்ளை என்றார். திறந்து பார்த்தால் பேட்டரிகள் தலைகீழாக இருந்தன. திருப்பிப் போட்டேன், பாடியது. எனக்குப் பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு வந்துவிட்டது. வேண்டுமென்றேதான் திருப்பிப் போட்டு எடுத்து வந்திருக்கிறார் என்பது அதை எழுதும்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் படிப்பதற்காக எழுதவில்லை. அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். மருத்துவர் சொன்னது உண்மைதான்.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். மனைவி முகமெல்லாம் கனிவாக நின்றாள்.

"என்னங்க, அம்மாவுக்கு அந்த மாடிப்படி சரிப்படாது."

உள்ளுக்குள் துள்ளினேன். வெளியே வருத்தப்பட்டேன். "அப்படியா சொல்ற?"

"ஈரம் வேற."

"நெஞ்சுல சளி கட்டிக்கும். பாவம்."

"அதனால அம்மாவுக்குக் கீழே நம்ம ரூம். கைபிடிச்சுவிட ஆள் வேணும், நானும் அங்கேயே படுத்துக்கறேன். உங்க கட்டிலை மாடியில போட்டாச்சு."

"ஈரம்னு சொன்னியே?"

"உங்களுக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு?"

"என் ரேடியோவெல்லாம்?"

"கட்டிலுக்கு அடியில. இறங்கும்போது மட்டும் பார்த்துக் காலை வைங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வயசானவர்களை அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து பெயர்க்கக் கூடாது, அத்தைக்கே வர இஷ்டம் இருக்குமோ என்னவோ என்று இழுத்தேன்.

"இஷ்டமே இல்லைதான்," என்றாள். "மாப்பிள்ளைக்குத் தொந்தரவு, வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். உங்க டைரியை ஃபோன்ல படிச்சுக் காட்டினேன். பேட்டரி விஷயம் வந்ததும் அழுதுட்டாங்க. இப்ப மூட்டை கட்டிட்டாங்க."

எழுதாமல் இருந்திருந்தால் மாமியார் வந்திருக்கவே மாட்டார். அடுத்தவர் டைரியைப் படிப்பது நாகரிகமா என்று கடைசியாக ஒரு அஸ்திரத்தை விட்டேன்.

"ஒளிச்சு வச்சிருந்தா டைரி. பாதி வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா அது நோட்டீஸ்தானே?" என்று சொல்லிவிட்டு, அத்தைக்குத் தலையணை உறை மாற்றப் போய்விட்டாள்.

அத்தை வந்துவிட்டார். தங்கமான மனுஷி. குறையே சொல்லத் தெரியாது. மனசு லேசாகும் என்று மகள் சொல்லிக்கொடுத்து, அவரும் டைரி எழுத ஆரம்பித்திருக்கிறார். எழுதியதைச் சாப்பாட்டு மேஜையில், நான் உட்காருகிற இடத்துக்கு நேராக, திறந்தே வைத்துவிட்டுப் போகிறார். 'மாப்பிள்ளை கையால் ஒரு டீ குடித்தால் தேவலை. கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது' என்று நேற்றைய பக்கத்தில் இருந்தது.

டீ நன்றாக இருந்ததாக இன்றைய பக்கத்தில் இருக்கிறது. சர்க்கரையைத்தான் கொஞ்சம் குறைக்க வேண்டுமாம்.