பஸ்ஸில் பாதிப் படம் பார்த்தவர்

நம்மிடையே புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். சாப்பாடு தொழிற்சாலையில் எப்படித் தயாராகிறது என்று ஓர் ஆவணப்படம் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கிற இனம். கெட்டவர்கள் இல்லை. படத்தில் சொல்வதும் பெரும்பாலும் நியாயம்தான். ஆனால் பார்த்தவரோடு தினமும் ஒரே பஸ்ஸில் போய்ப் பாருங்கள், தெரியும்.

நான் போகிறேன். எங்கள் கம்பெனி பஸ் செங்கல்பட்டில் கிளம்பி மறைமலைநகர் போய்ச் சேர அரை மணி நேரம். கோதண்டராமன் அங்கே தரப் பரிசோதகர். வண்டி உதிரிபாகத்தைக் கையில் எடுத்து, தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ரிஜெக்ட்" என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அவருக்கு யாரோ வாட்ஸப்பில் ஒரு லிங்க் அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரப் படம். பஸ்ஸில் அரை மணி பார்த்தார், ஸ்டாப் வந்தது, இறங்கிவிட்டார். மீதியை இன்றுவரை பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

அன்றிலிருந்து கோழி என்றால் "நாப்பது நாள் கொயந்த மச்சான் அது" என்பார், பால் என்றால் பெருமூச்சு விடுவார், அரிசி வெள்ளையாக இருந்தால் அதை ஏதோ குற்றவாளி போலப் பார்ப்பார், குடும்பத்தோடு மாமல்லபுரம் போன இடத்தில் வறுத்த மீன் விற்ற அம்மாவிடம், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "இது கடல் மீனா, வளப்பு மீனா?" என்று விசாரித்தார். இத்தனை உபதேசமும் மூன்றாவது டீயில் கிரீம் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே நடக்கும். பிஸ்கட் மட்டும் மரத்தில் காய்க்கிறதா? அது படத்தின் பின்பாதியில் வந்திருக்க வேண்டும்.

இதில் அடி வாங்கியது ரெபேக்காள். சாயங்காலம் பஸ் எங்களை இறக்கிவிடும் இடத்தில் அவருடைய பிரியாணிக் கடை. ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். அவர் மகள் ரூத் நர்சிங் படிப்பதே அந்த அண்டாவை நம்பித்தான். கோதண்டராமனின் பிரசங்கம் தொடங்கி மூன்று வாரத்தில் அண்டா பாதியானது.

"இன்னா அண்ணாத்த, பஸ்ஸுக்காரங்க யாருமே வர்றதில்ல? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். நானும்தான் மூன்று வாரமாக வாங்கவில்லை. வெட்கமாக இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லி நழுவிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதண்டராமன் வீட்டுக்குச் சம்பந்தி ஜானகிராமன் விருந்துக்கு வந்தார். பிராய்லர் வாசலுக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்ட நம்மவர், திருப்போரூர் பக்கம் போய் நாட்டுச் சேவல் ஒன்றைப் பிடித்து, காலைத் தூக்கி, கொண்டையைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பாஸ்" சொல்லி வாங்கி வந்தார். அதற்கு வயது அவருடைய சர்வீசில் பாதியாவது இருக்கும். குக்கர் பதினாலு விசில் அடித்தது. கறி அசையவில்லை. சம்பந்தி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

கோதண்டராமன் மனைவி அம்சா என்ன செய்வார், பாவம்? கூடத்தில் வீட்டுக்காரர் உணவு அரசியல் பேசிக்கொண்டிருக்க, பின்வாசல் வழியாக ஒரு பெரிய தூக்கோடு போய் வந்தார். இலையில் பிரியாணி விழுந்தது.

"எலும்ப கடிச்சி பாருங்க சம்பந்தி. மண்ணுல மேஞ்ச கோழி. இந்த ருசி பிராய்லர்ல வருமா?" என்றார் கோதண்டராமன். சம்பந்தி மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சம்பந்தி கிளம்பிப் போனதும் அம்சா சொல்லிவிட்டார். "நீங்க துன்னது ரெபேக்கா கட பிரியாணி. உங்க சேவல் இன்னும் குக்கர்லதான் கீது."

மனிதர் தலைகுனிந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த இனத்தை உங்களுக்குத் தெரியவே தெரியாது. தன் நாக்கு தப்பாது. நாக்கு சொன்னது நாட்டுக்கோழி. ஆகவே ரெபேக்காள் யாருக்கும் சொல்லாமல் நாட்டுக்கோழி போடுகிறார். திங்கட்கிழமை காலை பஸ் பைபாஸ் ஏறுவதற்குள் கோதண்டராமன் இதை எல்லோருக்கும் அறிவித்துவிட்டார்.

சாயங்காலம் கடையில் வரிசை. "சத்தியமா பிராய்லருங்க" என்று ரெபேக்காள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். கோதண்டராமன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். மறுநாள் ரெபேக்காள் 'பிராய்லர் பிரியாணி' என்று பெரிய எழுத்தில் போர்டே எழுதி மாட்டினார்.

"அது திருஷ்டிக்கு மச்சான்" என்றார் கோதண்டராமன்.

இப்போது அண்டா நிரம்புகிறது, ஏழு மணிக்குள் காலியும் ஆகிறது. ரூத்தின் படிப்புக்குக் குறையில்லை. எனக்கும் மனசு ஆறிவிட்டது. ரெபேக்காள்தான் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "பொய் சொன்னா பாவம், சரி. உண்மைய போர்டுல எழுதியும் நம்பலன்னா நான் இன்னாதான் பண்றது?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதற்குள் இதை யாருக்கு அனுப்பலாம் என்று உங்களுக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கும், கையும் போனைத் தேடியிருக்கும். கடைசிவரை படித்துவிட்டாவது அனுப்புங்கள். கோதண்டராமனுக்கு அந்த லிங்க்கை அனுப்பியது நான்தான். அரை மணி பார்த்திருந்தேன், ஸ்டாப் வந்துவிட்டது.