பதினொரு நிமிஷப் பிரசங்கம்

புதிய கேப்டனின் முகத்தைப் பார்த்ததும் ஆர்லின் ப்ரெக்கிக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. பதினாறு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த அம்மாளின் கையில் அபராதச் சீட்டு ஒன்றைத் திணித்திருந்தான்.

லிண்டன் லேக் ஊரின் பட்டாளக் கூடமான ஆர்மரியில் அது ஏப்ரல் மாத அணிவகுப்பு. பட்டாளத்து லாரிகளை ஓட்டும் கம்பெனிக்காரர்கள் அறுபத்திரண்டு பேர் விறைப்பாக நின்றார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பட்டாளம், மற்ற நாளெல்லாம் அவரவர் பிழைப்பு. ப்ரெக்கிக்குப் பிழைப்பு அதே ஊர் போலீஸ். அங்கே ரோந்துக்காரன், இங்கே சார்ஜென்ட். இரண்டு சீருடை, இரண்டு தொப்பி, தலை மட்டும் ஒன்று. அந்த ஒன்றிலும் இடம் கம்மி என்பது அவன் மனைவி மேரிட்டின் கட்சி.

கேப்டன் ஆஸ்ட்கார்ட் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து அவன் முன்னால் நின்றார்.

"சார்ஜென்ட் ப்ரெக்கி. நாம ஏற்கெனவே சந்திச்சிருக்கோமா?"

"இல்லை, மேடம்!"

யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. கேப்டன் அவன் நெஞ்சில் தைத்திருந்த பெயரை ஒருமுறை படித்தார். "அப்படியா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சீட்டிலும் அதே பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தது ப்ரெக்கிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். தானியக் குதிர்கள் இருக்கும் சாலையில், முப்பத்தைந்து மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில், ஒரு சாம்பல் நிறக் கார் ஐம்பத்திரண்டில் பறந்தது. ப்ரெக்கியின் பக்கத்தில் கோர்டி உட்கார்ந்திருந்தான். நாற்பத்து மூன்று வயதில் பால் லாரியை விட்டுவிட்டுப் போலீசில் சேர்ந்தவன், ப்ரெக்கியிடம் வேலை பழகிக்கொண்டிருந்தான்.

காரில் இருந்த அம்மாள் சண்டை போடவில்லை. "எனக்காக ஒருத்தங்க காத்திருக்காங்க. நீங்க உங்க வேலையைச் செய்யுங்க" என்றார், அவ்வளவுதான்.

வேறு யாராக இருந்தாலும் சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ப்ரெக்கிக்குப் பக்கத்தில் சீடன் வேறு இருந்தான். "அவசரம்ங்கறது காரணம் இல்லைங்க, அது ஒரு பழக்கம்" என்று ஆரம்பித்தான். பிரேக் பிடிக்கும் தூரம், குறுக்கே பாயும் மான்கள், அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணனின் முழங்கால் எல்லாம் வந்தன. "காத்திருக்கறவங்க நீங்க முழுசா வந்து சேரணும்னுதான் ஆசைப்படுவாங்க" என்று முடித்தபோது பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. கோர்டி நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான்.

அபராதம் என்னவோ சின்ன விஷயம்தான். ப்ரெக்கியைக் கலக்கியது கேப்டன் மேஜையில் இருந்த ஒரு காகிதம். ஜூலை பதினொன்றிலிருந்து இரண்டு வாரம் கம்பெனிக்கு வருடாந்திர முகாம். ஜூலை பதினாலு மேரிட்டுக்குப் பிரசவத் தேதி. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு வரும் முதல் குழந்தை. முகாமிலிருந்து விலக்குக் கேட்டு அவன் எழுதிய விண்ணப்பத்தில் பழைய கேப்டன் கையெழுத்துப் போடாமலே ஓய்வுபெற்றுப் போய்விட்டார். மேரிட்டிடம் அவன், "கையெழுத்து ஆயிடுச்சு" என்று சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் அவளைக் கவலைப்பட வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

மேரிட்டும் சாதாரணப்பட்டவள் இல்லை. வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் வருஷம் முழுவதும் ஒரே தாளில் தெரியும் காலண்டர் ஒன்றை ஒட்டியிருந்தாள். நீல மை போலீஸ், பச்சை மை பட்டாளம், சிவப்பு மை குழந்தை. சீட்டு எழுதிய அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் பட்டாளப் பையைக் கட்டும்போது அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"கிளினிக்ல இன்னிக்கு ரொம்ப நேரம் உக்கார வச்சுட்டாங்க. உடம்பு கொஞ்சம் படபடன்னு வந்துச்சு. அப்புறம் படம் எடுத்துப் பாத்துட்டு... ஆர்லின், காது இங்கதான் இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"ஒரு தடவையாவது நீ என்கூட வந்தா நல்லா இருக்கும்."

"ட்யூட்டி இல்லாட்டி பட்டாளம். நான் என்ன பண்ண?"

சொல்லிக்கொண்டே புதிய போலீஸ் பணிப் பட்டியலை மீன் வடிவக் காந்தம் வைத்துக் காலண்டரின் மேல் ஒட்டினான். காலண்டரில் அவன் கண் நீலத்தையும் பச்சையையும் தவிர வேறெதையும் பார்த்துப் பழகவில்லை.

ஆர்மரியில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. புதிய கேப்டன் வாரநாட்களில் என்ன வேலை பார்க்கிறார்? வேறு படைப்பிரிவிலிருந்து வந்தவர், ஊருக்கும் புதிது. தன்னைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

"பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை" என்றான் யாங். அவன் கம்பெனி எழுத்தர், வாரநாட்களில் முடிவெட்டுபவன். "பின்னாடி நின்னாக்கூட நாம பண்றது தெரிஞ்சுடுது."

"பிணம் அடக்கம் பண்றவங்க" என்றான் இன்னொருவன். "எதுக்கும் பதற மாட்டேங்கறாங்களே."

"ஆளை உள்ளுக்குள்ள பாக்கற மாதிரி பாக்கறாங்க" என்றான் ப்ரெக்கி. அவன் கவலை அவனுக்கு.

திங்கட்கிழமை நேராகப் போலீஸ் தலைவர் ஹட்சனிடம் போனான். மாதாமாதம் ஒரு ஆளைப் பட்டாளத்துக்குத் தாரை வார்ப்பதில் ஹட்சனுக்குப் பழைய கடுப்பு உண்டு.

"சீஃப், அந்தச் சீட்டை வெறும் எச்சரிக்கையா மாத்திடலாமா?"

"ஏன்?"

"அவங்கதான் எனக்கு அங்க கேப்டன்."

ஹட்சன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உன் சட்டையில கேமரா இருக்குய்யா. பதினொரு நிமிஷம் ஓடுது. நான் மான் வர்ற இடத்துல தூங்கிட்டேன். அதிகாரிக்காகச் சீட்டைக் கிழிச்சேன்னு தெரிஞ்சா உன் தொப்பியோட என் தொப்பியும் போகும். நீ இப்படிக் கேட்டதையே நான் எழுதி வச்சாகணும், தெரியுமில்ல?"

"வேண்டாம், சீஃப். கேக்கலைன்னு வச்சுக்குங்க."

"எழுதியாச்சு" என்றார் ஹட்சன், எழுதிக்கொண்டே.

மே மாத அணிவகுப்புக்கு ப்ரெக்கி ஒரு தட்டு நிறையக் கேரமல் பார்கள் கொண்டுபோனான். அந்த ஊரில் சாவுக்கும் சமாதானத்துக்கும் அதுதான் பலகாரம். கேப்டனின் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் யாங் வாயைப் பிளந்து நின்றான்.

"சார்ஜென்ட், மேலதிகாரிக்குக் கீழ இருக்கறவன் பரிசு கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அதுவும் உங்க விண்ணப்பத்து மேலயே தட்டை வச்சிருக்கீங்க."

அதற்கு விளக்கம் எழுதி இரண்டு பிரதி கொடுக்க வேண்டியதாயிற்று. கேப்டன் அவனை உள்ளே அழைத்தார். விண்ணப்பத்தின் மூலையில் கேரமல் கறை பளபளத்தது.

"தட்டை எடுத்துட்டுப் போங்க, சார்ஜென்ட். அப்புறம் இந்த விண்ணப்பம். இதுல போட்டிருக்கற தேதி சரிதானா?"

"சரிதான், மேடம்!"

"நல்லா தெரியுமா? வீட்ல கேட்டுட்டு வாங்க."

கையெழுத்து விழவில்லை. வீடு போகும் வழியெல்லாம் ப்ரெக்கி மண்டையைக் குடைந்துகொண்டான். பிரசவத் தேதியில் அந்த அம்மாளுக்கு என்ன வந்தது? சட்டென்று பொறி தட்டியது. அபராதச் சீட்டில் நீதிமன்றத் தேதி ஜூலை பதினைந்து! சீட்டு எழுதிய போலீஸ்காரன் நீதிமன்றத்துக்கு வராவிட்டால் வழக்கு விழுந்துவிடும். அவன் முகாமில் இருந்தால் கேப்டனுக்கு லாபம். விலக்குக் கிடைத்து ஊரில் இருந்தால் கூண்டேறி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். 'வீட்ல கேட்டுட்டு வாங்க' என்றால், 'குழந்தையா, சாட்சியா, யோசி' என்று அர்த்தம்!

"என்ன பொம்பளைடா சாமி!" என்று வாய்விட்டே சொன்னான். பயத்தோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது.

ஜூன் முதல் வாரம் விண்ணப்பம் தபாலில் திரும்பி வந்தது. ஜூலை பதினாலைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், 'சரியா? வீட்டில் கேட்கவும்.' ப்ரெக்கி அதே தேதியை இன்னும் அழுத்தமாக எழுதி அனுப்பினான். கையோடு நீதிமன்றத்துக்கு ஓடி, எழுத்தர் டெல்ஃபின் அம்மாளிடம் வழக்கை ஆகஸ்டுக்குத் தள்ளச் சொல்லிக் கெஞ்சினான்.

"எந்த வழக்கு?" என்றார் அவர், கண்ணாடியை மூக்கில் இறக்கி. "ஆஸ்ட்கார்ட் அம்மா சீட்டு வாங்கின அன்னிக்குச் சாயங்காலமே ஃபோன்ல பணத்தைக் கட்டிட்டாங்களே. வழக்கே இல்லையே."

"வழக்கே இல்லையா?"

"இல்லை. நீ ஏன் இவ்வளவு ஆர்வமா இருக்கே?"

ப்ரெக்கி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். லாபமும் இல்லை, கோபமும் தெரியவில்லை. அப்புறம் ஏன்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்? அன்றிலிருந்து தூக்கத்திலும் அவனுக்கு இதே கேள்விதான். "ஏன்தான் மாட்டேங்கறா அவ?" என்று தூக்கத்தில் உளறியதாக மேரிட் முறைத்தாள். "பட்டாள விஷயம்" என்று மழுப்பினான்.

ஜூன் இருபத்தேழு, சனிக்கிழமை, அந்த மாத அணிவகுப்பு. முகாமுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. உண்மையைச் சொல்லிக் காலில் விழுவது என்று முடிவு பண்ணி, காலை பத்து மணிக்குக் கேப்டன் முன்னால் போய் விறைத்து நின்றான்.

"மேடம், ஏப்ரல்ல நாம சந்திச்சதில்லைன்னு சொன்னேன். பொய். சீட்டு எழுதினது நான்தான். பிரசங்கம் பண்ணினதும் நான்தான்."

"தெரியும்."

"அதுக்குத் தண்டனையா எனக்கு எதை வேணா குடுங்க. கக்கூஸ் கழுவறேன். ஆனா குழந்தை பொறக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும், மேடம். ஏழு வருஷம் காத்திருந்திருக்கோம்."

கேப்டனின் முகம் இளகியது. "சார்ஜென்ட், மூணாவது தடவையா கேக்கறேன். இந்தத் தேதி சரியா?"

"என்ன தப்புன்னு நீங்களே சொல்லிடுங்களேன்!"

"நான் சொல்லக் கூடாது. சட்டம். அதனாலதானே வீட்ல கேளுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்!"

கதவைத் தட்டாமல் யாங் பாய்ந்து வந்தான். "சார்ஜென்ட், உங்க வீட்டம்மா! செல்ஃபோனெல்லாம் பெட்டியில பூட்டி இருக்கறதால ஆபீஸ் லைன்ல வந்திருக்காங்க!"

ப்ரெக்கி ரிசீவரைப் பிடுங்கினான்.

"வலி எடுத்துடுச்சு" என்றாள் மேரிட். "பக்கத்து வீட்டு டோரிஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா. கிளம்பி வா."

"இப்பவா? ஜூலை பதினாலுல்ல?"

"ஆர்லின், அந்தக் காலண்டர்ல உன் பணிப் பட்டியலைத் தூக்கிப் பாத்தியா? ஜூன் முப்பதுல இத்தனை பெரிய சிவப்பு வட்டம். ஏப்ரல்ல இருந்து இருக்கு! படம் எடுத்துட்டுத் தேதியை மாத்திட்டாங்கன்னு அன்னிக்கே தொண்டை கிழியச் சொன்னேன். 'இருக்கு, இருக்கு'ன்னே!"

அவன் திரும்பியபோது கேப்டன் கார்ச் சாவியோடு வாசலில் நின்று, தனக்கு அடுத்த அதிகாரியைக் கூப்பிட்டார். "லெப்டினன்ட், கம்பெனி உங்க பொறுப்பு. ப்ரெக்கி, ஏறுங்க."

"நீங்க எதுக்கு மேடம்?"

"நீங்க ஓட்டினா மரத்துல விட்டுருவீங்க. ஏறுங்கன்னா ஏறுங்க."

சாம்பல் நிறக் கார் பறந்தது. தானியக் குதிர் சாலையில் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. இறங்கி வந்தவன் கோர்டி. பயிற்சி முடிந்து முதல் வாரம், தனி ரோந்து.

"கோர்டி, நான்தான்டா! விடு, அவசரம்!"

கோர்டி மூன்றாம் மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "தெரிஞ்சவங்கன்னு சலுகை காட்டாதே, காரணம் சொன்னாக் காதுல வாங்காதேன்னு சொல்லிக் குடுத்ததே நீதான். இது சோதனைதானே? எனக்குத் தெரியும்." நோட்டைப் புரட்டித் தொண்டையைக் கனைத்தான். "அவசரம்ங்கறது காரணம் இல்லைங்க, அது ஒரு பழக்கம்..."

"என் பொண்டாட்டிக்குப் பிரசவம்டா!"

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னும் நீ சொல்லியிருக்கே."

கேப்டன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க உங்க வேலையைச் செய்யுங்க" என்றார்.

பதினொரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று ப்ரெக்கிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தது. மான்கள் நிதானமாக ஒவ்வொன்றாகக் குறுக்கே பாய்ந்தன. ஒன்றுவிட்ட அண்ணனின் முழங்கால் உடைந்து, கட்டுப்போட்டு, ஆறி முடிந்தது. கேப்டன் சீட்டை வாங்கி, ஏற்கெனவே ஒரு சீட்டு இருந்த இடத்தில் சொருகினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கேப்டன் வேறு பக்கமாகப் போய்விட்டார். ப்ரெக்கி பட்டாளச் சீருடையோடு மாடிக்கு ஓடினான். மேரிட் வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

"என்னை மன்னிச்சிடு. கையெழுத்து ஆகவே இல்லை. நான் பொய் சொன்னேன். கேப்டன் ஏன் போடலைன்னு இன்னும் புரியலை. ஆனா அவங்கதான் என்னைக் கார்ல கொண்டு வந்து விட்டாங்க."

"பல்லைக் கடிச்சுட்டு இருக்கேன், அப்புறமா உன்னைத் திட்டறேன்" என்றாள் மேரிட். அவன் கையை மட்டும் விடவில்லை.

கதவு திறந்தது. நீல ஆஸ்பத்திரி உடையும் தலையில் துணித் தொப்பியுமாக, முழங்கை வரை கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி கேப்டன் ஆஸ்ட்கார்ட் உள்ளே வந்தார்.

"அப்பாடா, வந்துட்டீங்க!" என்றாள் மேரிட்.

ப்ரெக்கி பழக்க தோஷத்தில் எழுந்து விறைத்து நின்றான். கேப்டனுக்குக் கையுறை மாட்டிவிட்ட வயதான நர்ஸ், அவனைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் கேட்டாள்:

"ஏம்மா, ஊருக்கு இருக்கற ஒரே மருத்துவச்சி நீங்க, நீங்க மேரிட்டைப் பாக்கக் கிளம்பினாலே ஒரு போலீஸ்காரன் வந்து மறிச்சுடறானே. ஏப்ரல்ல பதினொரு நிமிஷம் கழுத்தறுத்தானே, அந்த மகராசன் யாருன்னு அப்புறமாவது தெரிஞ்சுதா?"