ஹார்ட் டிஸ்க் வீழ்ந்த படலம்

அன்று மழையா மூடுபனியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை; இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். வீரனை மட்டும் மறக்க முடியாது. வாழ்க ஜெகதீஸ்வரன்! தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பறைக்கு மன்னன், தூளையும் தும்பையும் ஒரே பார்வையில் பிரிக்கும் கூர்விழியன், அறிவுரை என்னும் அம்பு துளைக்காத செவிக்கவசன், மைத்துனன் முன்னால் மட்டும் ஓரங்குலம் உயர்ந்து நிற்கும் நெடுங்கழுத்தன்!

அவன் மகள் பூவிழியின் கல்யாணம் முடிந்திருந்தது. கெட்டிமேளம் கொட்டப்போகும் நேரத்தில் பந்தியில் சோறு தீர்ந்துவிட்டது என்று சேதி வர, அவன் மனைவி மலர் சமையல் கூடத்துக்கு ஓடினாள். திரும்பியபோது தாலி ஏறியிருந்தது. விருந்தினரின் கைப்பேசிகளில் பதிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் பிடரிகள். பெற்றவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி கல்யாண வீடியோ. அதுவோ வீடியோக்காரன் கிறிஸ்டியனின் நகமளவு மெமரி கார்டில் இருந்தது. பக்கத்து ஊரான திரிங்காப்பில் அவன் படமெடுக்க அடுத்த கல்யாணம் காத்திருந்தது. கார்டைக் காலி செய்தாக வேண்டும்.

ஆகவே கம்போங் ராஜா என்னும் மலையூரில், மலரின் தம்பி திருமாறனின் கைப்பேசிக் கடையில், கண்ணாடி மேசை என்னும் போர்க்களத்தில் சேமிப்புக் கருவிகளின் சேனை அணிவகுத்தது. வானவில் தெறிக்கும் வட்டக் கேடயமென முதலில் வந்தது சிடி. ஜெகதீஸ்வரன் ஏளனமாகச் சிரித்தான். அவனுடைய சொந்தக் கல்யாண சிடி தோட்டத்து லயவீட்டின் ஈரத்தில் பூஞ்சை பூத்து, மாப்பிள்ளைக் கோலத்திலிருந்த அவனை என்றோ தின்று முடித்திருந்தது. அடுத்தது பென் டிரைவ் என்னும் குறுவாள். சட்டைப் பையில் பதுங்கி, துவைக்கும் வாளியில் உயிர்விடும் கோழை என்று அதையும் தள்ளினான். பின்னர் வந்தது எஸ்எஸ்டி: மெலிந்த மேனி, மின்னல் வேகம், உள்ளே சுழலும் உறுப்பு எதுவும் இல்லாததால் கீழே விழுந்தாலும் கலங்காத நெஞ்சம். நம் வீரன் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான்.

"பிஸ்கட்டே இத விடக் கனமா இருக்கும் லா. இதுக்குள்ள ஒரு கல்யாணமா?"

"அப்ப கிளவுட்ல ஏத்திருவோம், மச்சான்," என்றான் திருமாறன்.

"பனி எறங்குனா எங்க லயத்துல லைனே கெடைக்காது. எங்க நின்னு ஏத்துவ? மரத்து மேலயா?"

கடைசியாக எழுந்தருளியது ஹார்ட் டிஸ்க்: கார்வண்ண மேனி, செங்கல் கனம், நூறு கல்யாணங்களை விழுங்கியும் ஏப்பம் விடாத பெருவயிறு. வீரனின் முகம் மலர்ந்தது.

திருமாறன் தயங்கினான். "உள்ளுக்குத் தட்டு சுத்துற சாமான், மச்சான். விழுந்தா செத்துரும். வாங்கிக்குங்க, ஆனா என் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி கெடக்கட்டும்."

அக்கணமே வீரனின் நெஞ்சில் பழைய புண் எரிந்தது. தாய்மாமன் சீர் என்று தட்டு வரிசையோடும் மேளத்தோடும் இந்தத் திருமாறன் முன்னால் நடந்ததும், பெண்ணைப் பெற்றவன் கூட்டத்துக்குப் பின்னால் செருப்புகளைத் தாண்டி வந்ததும் நேற்று நடந்தவை போலிருந்தன.

"சீர் கொண்டு வந்து முன்னால நடந்த, சரி. இப்ப கல்யாணத்தையும் ஒன் கடையில வச்சுக்குவியா? என் மக கல்யாணம் ஒன்னே ஒன்னுதான். அது என் கையிலதான் இருக்கும்!"

பிரகடனம் முழங்கிற்று. கல்யாணம் டிஸ்க்கில் மட்டும் ஏறியது. கிறிஸ்டியன் கார்டை அழித்தான்.

"தாலி கட்டுறத மட்டும் இன்னிக்கே காட்டிருங்களேன்," என்றாள் மலர்.

"மறுவீட்டு விருந்தன்னிக்கு, மண்டபத்துல, பெரிய ஸ்கிரீன்ல. மொத வரிசையில ஒக்காந்து பாரு. ஒன் தம்பியும் பாக்கட்டும்."

அதுவரை ஈரம் தீண்டாத இடம் வேண்டுமே! மலையெங்கும் தேடினாலும் தேயிலை காயும் தொழிற்சாலையைப் போல் வெதுவெதுப்பான இடம் ஏது? சலிப்பறையில், ஓயாமல் குலுங்கித் தேயிலை பிரிக்கும் சல்லடை இயந்திரத்தின் மேல்விளிம்பில், அரியணை ஏற்றுவதுபோல் டிஸ்க்கை ஏற்றினான். இயந்திரம் அதிர, அதிர்வில் டிஸ்க் மயிரிழை மயிரிழையாக நடந்து, ஓரத்தை அடைந்து, சிமெண்டுத் தரையில் வீரமரணம் எய்தியது. எடுத்துத் தூள் ஊதினான் வீரன். "இரும்புடா, ஒன்னும் ஆவாது," என்று தனக்கே சொல்லி, மறுபடியும் அதே விளிம்பில் வைத்தான். மறுபடியும் விழுந்தது.

விருந்து நாளில் மண்டபம் நிறைந்தது. மலர் பட்டுப்புடவையில் முதல் வரிசையில் அமர்ந்தாள். டிஸ்க்கில் கம்பி செருகப்பட்டது. போர்முரசு ஒலிக்க வேண்டிய அதன் வயிற்றிலிருந்து டக், டக் என்று பல்லி கத்தும் ஓசை வந்தது. வெள்ளைத் திரை வெள்ளையாகவே நின்றது. அதுவரை எத்தனையோ ஏளனங்களைத் தொடுத்த வீரன் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான்; மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.

பழுது பார்க்க ஈப்போ நகரம் வரை கொண்டு போயும் டிஸ்க் திறக்கவில்லை, கிறிஸ்டியன் வேறு கல்யாணங்கள் எடுக்கிறான், திருமாறன் கடை நடத்துகிறான், ஜெகதீஸ்வரன் வேலைக்குப் போய் வருகிறான், மலர் தன் மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவே இல்லை.